ரோட்டில் காயப்போட்ட சோளம்

உயிரோடு இருக்கிற ஒரு மகளுக்குத் தாயாக இந்தச் சாட்சியை எழுதுகிறேன். அதற்கே முதலில் ஆண்டவருக்கு நன்றி. போன வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இனி நான் அப்படி எழுத முடியாது என்றுதான் நினைத்தேன். வெயில் இன்னும் அடங்கவில்லை. ரோடு நேர் ரோடு. அதில் ஓடிக்கொண்டிருந்த என் பிள்ளை காணாமல் போய்விட்டாள்.

என் பெயர் ரோசலின். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பாதி மாதம் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. எங்களுக்கு ஒரே மகள், ஜெனிபர். கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போகிறாள். நெடுந்தூர ஓட்டக்காரி. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் அந்த மாசி மாதத்தில் வர இருந்தது. அதற்காகத்தான் இந்தப் பாடு.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கோயிலில்கூட பின்பக்கம் நின்றுகொண்டுதான் பிரசங்கம் கேட்பேன் என்பது சபையாருக்குத் தெரியும். இந்தக் கால் அரிப்புதான் மகளுக்கும் வந்திருக்கிறது. அவள் ஓடித் தீர்க்கிறாள், நான் கவலைப்பட்டுத் தீர்க்கிறேன்.

ஓடுவதற்கு எங்கள் பக்கம் மைதானம் கிடையாது. ரோடுதான். ஒரு பெண் பிள்ளை ரோட்டில் ஓடினால் என்னென்ன வரும் என்று ஓட விட்டவர்களுக்குத்தான் தெரியும். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் இரண்டு டிரெய்லர் கட்டிக்கொண்டு வரும். பாரத்துக்கு வெளியே கரும்பு நுனி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பாட்டு அலறும், நாம் கத்தினாலும் கேட்காது. மினி பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே நம்மை உரசிப் போவார். பைக்கில் போகிற பையன்கள் வேகத்தைக் குறைத்து, “இன்னா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு, கொண்டாந்து வுடறேன்” என்பார்கள். சாரைப் பாம்பு குறுக்கே போகும். நாய்களைப் பற்றித் தனியாக ஒரு சாட்சியே எழுதலாம்.

இத்தனையும் ஒரு பக்கம். எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டியது மக்காச்சோளம். தை பிறந்தால் அறுப்பு. அடித்த சோளத்தைக் கொண்டுவந்து பாதி ரோட்டில் கொட்டி, காலாலேயே கிளறி வரிவரியாகக் கோலிவிட்டு, ஓரத்தில் கல் அடுக்கிவிடுவார்கள். தார் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் இது, நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மகள் ஓட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அது கண்ணை உறுத்தியது. சோளத்தின் மேல் கால் வைத்தால் உருளும். சோளத்தைச் சுற்றி ஓடினால் நடு ரோட்டுக்குப் போக வேண்டும்.

அணைக்குப் போகிற ரோட்டில், மலையைப் பார்த்த மாதிரி வருகிற ஒரு வளைவைத் தாண்டியதும், பச்சையம்மாள் என்கிற அம்மா சோளம் கொட்டுவார். அவரோடு எனக்கு ஒரு நாள் பெரிய சண்டை வந்தது.

“ரோட்ட மறிச்சி கொட்டி வெச்சிருக்கீங்களே, எம் பொண்ணு ஓடற வழிங்க இது” என்றேன்.

“இன்னாம்மா, இது உங்க அப்பன் வூட்டு ரோடா? களம் இருந்தா நான் ஏன் வெய்யில்ல நின்னுகினு கெடக்கிறேன்? ஒங்க பொண்ண வயல் வரப்புல ஓடச் சொல்லு” என்றார்.

பேச்சு முற்றியது. அவர் வீட்டுச் செம்பட்டை நாயும் சேர்ந்து குரைத்தது. அன்றிலிருந்து அந்த இடத்தைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். சோளத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொரு வாரமும் எழுந்து, “ரோட்டில் தானியம் காயப்போடுவது நின்றுபோக ஜெபியுங்கள்” என்று விண்ணப்பம் வைத்தேன். போதகர் ஐயா ஒருமுறை, “சிஸ்டர், அவங்க வேற எங்கதான் காயவெப்பாங்க?” என்று கேட்டார். அதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன். சகோதரிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆண்டவரும் பதில் சொல்லவில்லை. வாரம் ஆக ஆக ரோட்டில் சோளம் ஜாஸ்திதான் ஆனது.

மகள் ஓடும்போது நான் மொபெட்டில் கூடவே போக மாட்டேன். புகை அவள் மூச்சில் அடிக்கும். அதனால் கொஞ்ச தூரம் முன்னால் போய் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பேன். அவள் ஓடிவந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் போவாள். நான் மறுபடி முந்திப் போய் நிற்பேன். அவள் போன் என் பையில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அணையிலிருந்து வீட்டைப் பார்த்துத் திரும்பும் ஓட்டம். ஒரு புளியமரத்தடியில் தண்ணீர் கொடுத்தேன். “அம்மா, இன்னிக்கி காலு லேசா கீது, நீ மதகாண்ட போய் நில்லு” என்றாள். நான் பச்சையம்மாளின் சோளத்தைத் தாண்டி, வளைவையும் தாண்டி, வாய்க்கால் மதகில் போய் நின்றேன். கரும்பு டிராக்டர் ஒன்று என்னைக் கடந்து, அவள் வருகிற திசையில் வளைவுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து பஸ் வந்தது. அடுத்தது ஜெனி வர வேண்டும். வரவில்லை.

ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். வயிறு பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மதகின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு புளியமரம் வரை போனேன். வழியில் ஆளே இல்லை. செம்பட்டை நாய் மட்டும் துரத்தியது. மரத்தடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி மதகுக்கே வந்தேன், ஒருவேளை நான் பார்க்காதபோது தாண்டி வந்திருப்பாளோ என்று. அங்கேயும் இல்லை.

நேர் ரோடு, இரண்டு பக்கமும் வயல். நடுவில் எங்கே போவாள்? எனக்குத் தோன்றியதை எழுதவே கை கூசுகிறது. பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் அது தோன்றும். ஏதோ ஒரு வண்டி. ஏதோ ஒருவன். அந்த நேரம் பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“வயசுப் புள்ளைய தனியா ஓட வுடலாமாங்க? மொதல்ல அந்தப் பொண்ணு போன எடுத்து யார் யார் பேசியிருக்காங்கன்னு பாருங்க. நம்மளுக்குத் தெரியாம ஏற்பாடு இருக்கும்” என்றார்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அவரை அந்த வாய்க்காலில் தள்ளிவிடலாம் போலிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சபைக்குப் போட விரல் வரவில்லை. நம்பர் கண்ணுக்கே தெரியவில்லை.

சூரியன் கல்வராயன் மலையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் முடிந்தது என்று மனசு சொன்னது. அப்போதுதான் ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை, நின்ற இடத்தில் நிற்கவும் முடியவில்லை. நடந்துகொண்டே, “எங்க இருக்கா, காட்டுப்பா. காட்டு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். நீர், உமது என்று மரியாதையாக வார்த்தை தேடும் நிலையில் நான் இல்லை.

மறுபடியும் வண்டியை எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன். இந்தத் தடவை மெதுவாக, வயலுக்குள் பார்த்துக்கொண்டே போனேன். மெதுவாகப் போனதுதான் தப்பாகப் போயிற்று. செம்பட்டை நாய் குறுக்கே பாய்ந்து காலைக் கவ்வ வந்தது. நான் காலைத் தூக்க, ஹேண்டில் திரும்ப, முன் சக்கரம் நேராகப் பச்சையம்மாளின் சோளத்தில் ஏறியது. வண்டி சறுக்கிக்கொண்டு போய் ஒரு பக்கம் விழுந்தது. நான் சோளத்தில் குப்புற விழுந்தேன். முட்டி இரண்டும் கிழிந்தது, வாயில் இரண்டு மணி சோளம். இஞ்சின் அணைந்துவிட்டது.

தலையைத் தூக்கியவுடன் அந்த அம்மாவைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வெளியே வரவில்லை.

தரையோடு தரையாகக் கிடந்ததால் அப்போதுதான் சோளத்தைப் பார்த்தேன். அத்தனை நாளில் முதல்முறையாக. சாய்ந்த வெயிலில் வரிகள் ஒவ்வொன்றும் நிழல் கட்டித் தெரிந்தன. அந்த வரிகளைக் குறுக்கே உடைத்துக்கொண்டு காலடிகள் போயிருந்தன. கால் பட்ட இடத்தில் சோளம் சிதறி, மஞ்சளுக்கு நடுவில் கருப்பாகத் தார் தெரிந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. சோளம் கோலுகிறவர்கள் காலைத் தேய்த்துக்கொண்டு நடப்பார்கள். நடந்து போகிறவர்கள் யாரும் இப்படித் தாண்டித் தாண்டி கால் வைக்க மாட்டார்கள். ஓடுகிறவள்தான் வைப்பாள். என் மகள் வைப்பாள்.

அந்த அடிகள் சோளத்துக்குள் வந்திருந்தன. ஆனால் வளைவுப் பக்கம் வெளியே போகவில்லை.

பாதி வரைதான் இருந்தன. அங்கே டிராக்டர் சக்கரம் ஏறி நசுக்கிய தடம், அதன் பக்கத்திலேயே ஒரு நீளமான சறுக்கல். அது ரோட்டை விட்டு வெளியே போனது. ஓர மண்ணில் நாலைந்து சோள மணிகள் தெறித்துக் கிடந்தன. அதற்கு அப்புறம் ஆள் உயரத்துக்கு நொச்சிச் செடி. ஒரு கிளை பச்சையாக முறிந்திருந்தது. செடியை விலக்கி ஒரு எட்டு வைக்கப் போனேன், தரை இல்லை. கிணறு. சுற்றுச் சுவர் இல்லாத, ரோட்டு மட்டத்துக்கே வாயைத் திறந்துகொண்டிருக்கிற தரைக்கிணறு. நொச்சியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுக் குனிந்தேன்.

“ஜெனி” என்றேன்.

“அம்மா” என்று வந்தது. சத்தம் இல்லை, வெறும் காற்று. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறைத் திட்டில் கிடந்தாள். நெற்றியில் ரத்தம். ஒரு பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அசையாதே என்று சொல்லிவிட்டு வயலுக்குள் ஓடினேன்.

அவள் கத்தியது ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்று அங்கே போனதும் புரிந்தது. பச்சையம்மாளின் நிலத்தில் சோளம் அடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலே கேட்காது. வாடகை மிஷின் மத்தியானத்துக்கு வர வேண்டியது, சாயங்காலம்தான் வந்திருக்கிறது. அதனால்தான் வீட்டார் எல்லோரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். அதனால்தான் ரோட்டுச் சோளத்தை அன்று யாரும் இன்னும் குவிக்கவில்லை. வழக்கமான நேரத்துக்குக் குவித்திருந்தால் அந்தக் காலடிகளும் சோளத்தோடு சேர்ந்து குவியலுக்குள் போயிருக்கும்.

முட்டியில் ரத்தத்தோடு, சீலையெல்லாம் சோளத்தோடு நான் ஓடி வருவதைப் பார்த்த பச்சையம்மாள், மறுபடி சண்டைக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

“இதோ வாரிடறேன் போம்மா. மிஷினு வந்துக்கீது, ரெண்டு கைய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?” என்று அங்கிருந்தே கத்தினார்.

“கெணத்துல எம் பொண்ணு” என்றேன். கேட்கவில்லை. கிட்டே போய் அவர் கையைப் பிடித்து, “எம் பொண்ணு ஒங்க கெணத்துல கெடக்குதுங்க” என்றேன்.

அந்த முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். திரும்பி ஒரு கத்து கத்தினார், மிஷின் நின்றது. ஆண்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மோட்டார் கொட்டகையில் கிடந்த கயிற்றுக் கட்டிலைப் பச்சையம்மாளே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் கிணற்றுப் படிக்கல்லில் கால் வைத்து இறங்கினார்கள். கட்டிலை நாலு பக்கமும் கயிறு கட்டி இறக்கி, ஜெனியைக் கிடத்தி, மேலே இழுத்தார்கள். இழுத்த நேரம் முழுக்க நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன். பச்சையம்மாள் அவர் சாமியைக் கூப்பிட்டார். யாரும் யாரையும் தடுக்கவில்லை. 108 வந்து சேரும்வரை என் மகள் தலை அவர் மடியில்தான் இருந்தது. என் மடி நிலையாக இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜெனி நடந்ததைச் சொன்னாள். பின்னால் பஸ் வந்ததால் சோளத்தின் மேல் ஏறி ஓடியிருக்கிறாள், எதிரே டிராக்டர். பஸ்ஸுக்கு வழி விட டிராக்டர் சோளத்தின் மேல் ஏறிவிட்டது. நீட்டியிருந்த கரும்பு முகத்தில் அடிக்காமல் இருக்க இவள் ஓரம் ஒதுங்க, காலுக்கடியில் சோளம் உருண்டது. டிராக்டர்காரருக்கு எதுவும் தெரியாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அவரை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் பொய்யாகும். முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உடைத்துப் போட்டது.

“ஒன் வண்டி சத்தம் எனக்குக் கேட்டிச்சிம்மா. ஒரு வாட்டி போன, மறுபடி வந்த. ரெண்டு வாட்டியும் நிக்கல. நான் கத்தினது ஒனக்கு கேக்கல. அப்பறம் கத்தறத வுட்டுட்டேன். அடுத்த வாட்டி வந்தா அந்த வண்டி இங்கயே நிக்கணும் ஏசப்பான்னு மட்டும் சொல்லிக்கினு இருந்தேன்.”

மதகில் நான் கேட்டது ஒன்று, கிணற்றுக்குள் அவள் கேட்டது ஒன்று. இரண்டுக்கும் ஆண்டவர் ஒரே பதில் கொடுத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது எதை? நாயையும் சோளத்தையும். வாரா வாரம் எழுந்து நின்று எதை ரோட்டை விட்டு எடுத்துப்போடும் என்று கேட்டேனோ, அதையே. அந்த ஜெபத்துக்கு அவர் சரி என்று சொல்லியிருந்தால் ரோடு வெறும் தாராக இருந்திருக்கும். தாரில் காலடி விழாது.

அந்தச் சோளம் இல்லாவிட்டால் அவள் சறுக்கியே இருக்க மாட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரே கேட்டார். எனக்குத் தெரிந்தது அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும்தான்.

கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். மாசி மாதத்து ஓட்டத்தைப் படுக்கையில் இருந்தபடி போனில் பார்த்தாள். அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். எல்லாம் கேட்டபடி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதத்தில் நடந்தாள். ஐப்பசியில் மெல்ல ஓட ஆரம்பித்தாள். அடுத்த தேர்வு ஓட்டத்துக்கு மறுபடி அதே ரோட்டில் இறங்கியிருக்கிறாள். கிணற்றைச் சுற்றி இப்போது கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்கள். சபை வாலிபர்கள் போய் வேலை செய்தார்கள், பச்சையம்மாள் வீட்டார் அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

எனக்கு என்ன மாறியது என்று கேட்டால், உட்கார இன்னும் வரவில்லை. மதகில் நின்றால் இன்னும் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எரிச்சலாக இருக்கிற எதையும் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்கிறேன். அதில் எனக்கு ஏதாவது வைத்திருக்கிறாரோ என்று ஒரு சந்தேகம். செம்பட்டை நாய் இன்னும் துரத்துகிறது. அதற்கான ஜெபம் நிலுவையில் இருக்கிறது.

இந்தத் தை பிறந்ததும் ஒரு சாயங்காலம் அந்த வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். சோளம் கிடந்தது. ஆனால் சோளத்துக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவில், ஒரு ஆள் ஓடுகிற அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கி விட்டிருந்தது. ஒரு மணி சோளம்கூட இல்லை. பச்சையம்மாள் விளக்குமாற்றோடு நின்றிருந்தார்.

“பொண்ணு வர்ற நேரம் ஆச்சில்ல?” என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். “மேகம் மூடிக்கினு வருது. நனைஞ்சா பூஞ்சை புடிச்சிக்கும். ஒங்க சபையில ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

அதனால் அன்பானவர்களே, இந்த வெள்ளிக்கிழமை என் விண்ணப்பம் வேறு. பச்சையம்மாளின் சோளம் ரோட்டில் கிடக்கிறது. அது காய்ந்து முடிகிறவரை மழை வரக் கூடாது. உங்கள் வீட்டில் எது காணாமல் போயிருந்தாலும் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவரிடம் கேட்போம். முதலில் சோளத்துக்குக் கேட்டுவிடுவோம்.